டெக் காலம்: கேள்விகளும் பதில்களும்

பழைய வண்ணாரப்பேட்டையில் நெடுங்காலம் டெக் (வீடியோ கேசட்டை ஓட்டும் இயந்திரம்) பழுதுபார்த்தவன் என்ற முறையில், வடசென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

தண்டையார்பேட்டை வாசகர்: ஐயா, பீட்டாமேக்ஸில் படம் தெளிவாக இருக்கும் என்பார்கள். பிறகு எப்படி வி.எச்.எஸ். அதன் இடத்தைப் பிடித்தது?

இவை ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு வீடியோ கேசட் முறைகள்; சோனி 1975-இல் பீட்டாமேக்ஸையும், ஜே.வி.சி. மறு ஆண்டில் வி.எச்.எஸ்.ஸையும் ஜப்பானில் வெளியிட்டன. இரண்டுக்கும் அரை அங்குல நாடாதான். ஆனால் தொடக்கத்தில் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரமும் வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரமும் பதிவாயின. கேசட் மாற்றாமல் ஒரு முழுப் படத்தைப் பதிய விரும்பிய அமெரிக்க வீடுகளில் இது பெரிய வேறுபாடாயிற்று. சோனி பின்னர் நாடாவின் வேகத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டியபோது, படத்தெளிவில் அதற்கிருந்த மேன்மை சுருங்கியது. இதைவிடப் பெரிய காரணம் உரிமம் என்பேன். ஜே.வி.சி. தன் முறையை மட்சுஷிட்டா, ஹிட்டாச்சி, ஷார்ப் எனப் பலருக்கும் கொடுத்ததால் இயந்திரங்கள் பெருகி விலை இறங்கியது. வாடகைக் கடைகள் வி.எச்.எஸ். கேசட்டுகளையே மிகுதியாக அடுக்கின. அடுக்கில் இருப்பதைப் பார்த்தே அடுத்த வீட்டாரும் இயந்திரம் வாங்கினர். 1988-இல் சோனியே வி.எச்.எஸ். இயந்திரம் விற்க முன்வந்தது.

பெரம்பூர் வாசகர்: இங்கும் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் காரணமா?

இல்லை. நாம் பின்பற்றிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் எல்-750 பீட்டா கேசட் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், வி.எச்.எஸ். இ-180 மூன்று மணி நேரம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டிலும் அடங்கிவிடும். டெக்கையே வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் படம் பார்த்த நம் பகுதியில், கடைக்காரர் கொடுத்த டெக் எந்த வகையோ அதுவே நமது வகையாயிற்று.

காசிமேடு வாசகி: வி.சி.டி. படம் வி.எச்.எஸ்.ஸைவிட மேலானதா, அண்ணா?

என் கண்ணுக்கு அப்படித் தோன்றியதில்லை, அம்மா. வி.சி.டி. என்பது குறுவட்டில் (சி.டி.) படத்தைப் பதியும் முறை; 1993-இல் வகுக்கப்பட்ட அந்த முறையில், வேகமான சண்டைக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே அடங்கியதால், ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. ஆயினும் பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை, ஹெட் (டெக்கில் நாடாவைப் படிக்கும் பகுதி) துடைக்க வேண்டியதில்லை, நகலெடுப்பதும் மலிவு. முழுப் படமும் ஒரே வட்டில், நல்ல தெளிவுடன் கிடைத்தது 1996-இல் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி.யில்தான்.

ராயபுரம் வாசகர்: அக்காவின் திருமணக் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது. டெக்கில் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். கடற்காற்றின் ஈரத்தில் இது நம் பக்கத்தில் அடிக்கடி நேர்வது. அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். சுற்றுகள் ஒட்டியிருந்தால் நாடா அறுந்தும் போகலாம். மற்ற கேசட்டுகளிலிருந்து இதைத் தனியே எடுத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நாடாவைத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, பிறகு நல்ல டெக்கில் ஓட்டிக் கணினியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். புதிய வி.எச்.எஸ். இயந்திரங்களின் தயாரிப்பு 2016-இல் நின்றுவிட்டது; ஓடும் டெக்குகள் குறைந்துகொண்டே வருவதால், இந்த மாதமே செய்துவிடுங்கள்.