நுரையீரல் தேறும் காலம்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

கேள்வி: கொரோனா நிமோனியாவால் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்கப்பட்டிருந்த என் தந்தை (வயது 62) மூன்று வாரங்களுக்கு முன் வீடு திரும்பினார். உட்கார்ந்திருக்கும்போது, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் பார்க்கும் ஆக்சிமீட்டர் 96 சதவீதம் காட்டுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 48,000 ரூபாய்க்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) வாங்கி வைத்துக்கொள்ளும்படி கடைக்காரர் சொல்கிறார். நுரையீரலைச் சுத்தம் செய்யும் என்று விளம்பரப்படுத்தப்படும் சூரணத்தை உறவினர் பரிந்துரைக்கிறார். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியையும் வாங்கினோம். அப்பா எவ்வளவு ஊதினாலும் பந்து எழும்பவில்லை. – மதுரை வாசகி

பதில்: பந்து எழும்பாததற்குக் காரணம் கருவியின் பழுது அன்று. அது ஊதுவதற்கானதன்று, உறிஞ்சுவதற்கானது. தந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டபின் குழாயை உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாக உள்ளே இழுக்கட்டும். அறைகளின் மேல் அச்சிட்டிருக்கும் 600, 900, 1200 என்பவை நொடிக்கு எத்தனை மில்லிலிட்டர் காற்று உள்ளே செல்கிறது என்பதைக் குறிப்பவை. முதல் பந்தைச் சில நொடிகள் மேலே நிறுத்திவைப்பதே தொடக்கத்தில் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

கான்சென்ட்ரேட்டரை இப்போது வாங்க வேண்டாம். ஓய்வில் 96 இருப்பவருக்கு உட்கார்ந்த நிலையில் ஆக்சிஜன் தேவைப்படாது. நடக்கும்போது அளவு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. நெஞ்சக நோய் மருத்துவரிடம் ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்தால் அது தெரிந்துவிடும். ஆக்சிஜனும் ஒரு மருந்துதான் என்பதால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சீட்டில் எழுதித் தரவேண்டுமே தவிர, கடைக்காரர் முடிவு செய்யக் கூடாது. ஆக்சிமீட்டரையும் முழுமையாக நம்பிவிட முடியாது: குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் அளவை மாற்றும், கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் எச்சரித்தது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் வாடகைக்கு எடுப்பதே என் யோசனை, ஏனெனில் இந்தத் தேவை பெரும்பாலானோருக்குத் தற்காலிகமானது. ஊகான் மருத்துவமனை ஒன்றிலிருந்து வீடு திரும்பிய 1,733 பேரை ஆறு மாதம் கழித்து ஆராய்ந்தபோது, பலருக்குச் சோர்வும் தசைத் தளர்ச்சியும் நீடித்திருந்தன. கடுமையாக நோயுற்றிருந்தவர்களிடம் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன் குறைவு மிகுதியாகக் காணப்பட்டது. நோய் கடுமையாக இருந்தவர்களை ஓராண்டு பின்தொடர்ந்த வேறோர் ஆய்வில், பெரும்பாலோர் மாதந்தோறும் தேறிவந்தனர்; ஒரு பகுதியினருக்கு மட்டும் குறை நீடித்தது. வாடகை இயந்திரத்தை எடுக்குமுன், முழு 5 லிட்டர் ஓட்டத்திலும் ஆக்சிஜனின் தூய்மை 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று உங்கள் முன்னிலையில் அளந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணையும், வடிகட்டியையும் பாருங்கள். வரிசை எண் குறித்த ரசீது பெறுங்கள். மின்சாரம் போனால் இயந்திரமும் நின்றுவிடும் என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆக்சிஜன் தீயை வேகமாகப் பரவச் செய்யும் என்பதால், சாமி விளக்கும் அடுப்பும் இருக்கும் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

சூரணம் வேண்டாம். நுரையீரலில் இருப்பது கழுவி நீக்கும் அழுக்கன்று. அழற்சியும் சில வேளை தழும்பும்தான். அப்படி விளம்பரம் செய்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அந்தப் பணத்தை இயன்முறை மருத்துவருக்கும், மூன்றாம் மாதவாக்கில் எக்ஸ்ரேக்கும், வாயு கடக்கும் திறனை அளக்கும் டிஎல்சிஓ பரிசோதனைக்கும் ஒதுக்குங்கள். சாதாரண ஊதும் பரிசோதனை சரியாக இருந்தாலும் இதில் குறை தெரியலாம்.

மருத்துவக் காப்பீடு இருந்தால், வீடு திரும்பிய பின் 60 நாள் வரையிலான பரிசோதனை, மருந்து, மருத்துவர் கட்டணங்களைப் பல பாலிசிகள் ஏற்கின்றன. வீட்டுக் கருவிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. நாள் கடக்குமுன் சீட்டுகளையும் ரசீதுகளையும் சேர்த்து அனுப்புங்கள். ஓய்விலேயே அளவு 94க்குக் கீழே போனாலோ, திடீர் நெஞ்சுவலியோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ வந்தாலோ, இவை எதற்கும் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.