மார்ச் 8 கேக்கும் பதவி உயர்வுப் பட்டியலும்: கேள்வி பதில்

சென்னையில் இரண்டு ஐடி கம்பெனி, ஒரு தொழிற்சாலை என்று இருபத்திரண்டு வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவள் நான். கடைசி ஆறு வருடம் 'டைவர்சிட்டி அண்ட் இன்க்ளூஷன்' (எல்லாத் தரப்பினரையும் வேலைக்கு எடுத்துச் சமமாக நடத்துவது) என்று பலகை மாட்டிய அறையில் உட்கார்ந்திருந்தேன். இந்த முயற்சிகள் ஏன் பாதியிலேயே நின்றுவிடுகின்றன என்று கேட்டவர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை பதில்.

மேடம், எங்கள் ஆபீசில் மகளிர் தினத்துக்கு கேக், ரோஜாப்பூ, பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் டைரக்டர் அளவில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம். ஏன்? (ஐடி ஊழியர், பெருங்குடி)

கேக் வாங்குவது என் கையில் இருந்தது. பதவி உயர்வு இல்லை. அது ஜனவரியில் ஒரு மூடிய அறையில் முடிவாகும்.

அந்த அறையில் என்ன நடக்கும் தெரியுமா? பத்து மேனேஜர்கள் உட்கார்ந்து, யாருக்கு எந்த ரேட்டிங் என்று பேரம் பேசுவார்கள். உயர்ந்த ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்று கணக்கு உண்டு. ஒரு பெண்ணின் பெயர் வரும்போது, "நல்லா வேலை செய்வாங்க, ஆனா பாதி வருஷம் இல்லையே" என்பார் ஒருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவரும் வீட்டில் இரண்டு மகள்களின் அப்பாதான். 2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு 26 வாரம். மீதி 26 வாரத்து வேலையை மட்டும் வைத்து மதிப்பிடலாமே என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தேன். "சிஸ்டத்தில் அப்படி ஆப்ஷன் இல்லை" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் கேக்குக்கு மட்டும் பட்ஜெட்டை ஏற்றிக் கொடுத்தார்கள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், விடுப்புக்காலப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு முழுச் சுமையும் கம்பெனி மேல்தான். அதனால் கல்யாணமாகி ஒரு வருடம் ஆன பெண் இன்டர்வியூவுக்கு வந்தால், வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே கணக்குப் போடும் மேனேஜர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருஷா வருஷம் 'அன்கான்ஷியஸ் பயஸ்' (நமக்கே தெரியாத பாரபட்சம்) வகுப்பில் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். பிரயோஜனம் உண்டா? (மேனேஜர், கோவை)

குறைவு. நான் நடத்திய வகுப்புகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் முப்பதாண்டுத் தகவலைப் பார்த்து 2016-ல் எழுதினார்கள். மேனேஜர்களுக்கு வகுப்பைக் கட்டாயமாக்கிய இடங்களில், ஐந்து ஆண்டு கழித்து மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. கூடவில்லை, குறைந்திருந்தது. "நீ தப்பானவன், வந்து உட்கார்" என்றால் யாருக்குத்தான் முறுக்கிக்கொள்ளத் தோன்றாது? அதே மேனேஜரிடம் ஒரு ஜூனியரை ஒப்படைத்து, இவரை வளர்த்துவிடுங்கள் என்றால் நிலைமை மாறுகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான்.

பாலிசியில் பாலினம், மாற்றுத்திறன், பாலியல் நாட்டம் எல்லாம் இருக்கிறது. சாதி மட்டும் இல்லையே? (பெயர் வேண்டாம்)

அந்த பாலிசியை எழுதியவர் அமெரிக்கத் தலைமையகத்தில் இருந்தார். நாங்கள் இங்கே லோகோவையும் தேதியையும் மாற்றினோம். அவர்கள் படிவத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை. எனக்கும்தான்.

"ஐடியில் ஏதுங்க சாதி?" என்று கேட்பவர்களைக் கவனித்திருக்கிறேன். "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு, வீட்ல வெஜ்ஜா?" என்ற மூன்று கேள்விக்கும் பதற்றமில்லாமல் பதில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

ஆய்வுகள் இருக்கின்றன. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வந்தது. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2012-ல் இன்னொரு ஆய்வு ஆயிரம் இந்திய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை எண்ணிப் பார்த்தது. சுமார் 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர்.

இது எப்படித் தொடர்கிறது என்றால், ரெஃபரல். நண்பரைச் சேர்த்துவிட்டால் போனஸ். நம் நண்பர் நம்மைப் போலத்தானே இருப்பார்? அப்புறம் இன்டர்வியூ படிவத்தில் 'கல்ச்சர் ஃபிட்', அதாவது நம் ஆபீஸ் சூழலுக்குப் பொருந்துவாரா, என்று ஒரு கட்டம். அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதினார்கள்.

2000-களின் நடுவில் தனியார் துறையில் இட ஒதுக்கீடு பற்றி மத்திய அரசு பேசத் தொடங்கியதும், தொழில் அமைப்புகள் முந்திக்கொண்டு தாங்களே ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டன. விருப்பம் இருந்தால் கடைப்பிடிக்கலாம், இல்லாவிட்டால் கேட்பாரில்லை. அமெரிக்காவிலோ 2020-ல் சிஸ்கோ என்ற ஐடி கம்பெனி மீது கலிஃபோர்னியா அரசுத் துறை சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார் என்பதும் உண்மை. ஆனாலும் சியாட்டில் சட்டத்தில் ஏறிய அந்த வார்த்தையை சிறுசேரி பாலிசியில் ஏற்ற என்னால் முடியவில்லை.

எனக்குப் பார்வை குறைவு. பெருமையாக வேலைக்கு எடுத்தார்கள், போட்டோ எல்லாம் போட்டார்கள். லீவு போடும் ஆப்பைக்கூட ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) படிக்கவில்லை. ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன். (திருச்சி)

மன்னிக்கவும் தம்பி. வாசலில் சாய்தளம் போட்டால் படம் எடுக்கலாம். மென்பொருள் வாங்கும் பிரிவு, 'ஸ்கிரீன் ரீடரில் படிக்க வேண்டும்' என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் எதைப் படம் எடுப்பது?

2017-ல் கொச்சி மெட்ரோ இருபதுக்கும் மேற்பட்ட திருநர்களை வேலைக்கு எடுத்தது. நாடே பாராட்டியது. சில வாரங்களுக்குள் பலர் நின்றுவிட்டார்கள். வேலையில் குறை இல்லை, தங்க வீடு கொடுக்க ஆளில்லை. உங்கள் கதையும் அதே வகைதான். ஆளை எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 4 சதவீத ஒதுக்கீடு அரசு வேலைக்கு மட்டும். ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி, என்ன வசதி தருகிறது என்று அதில் சொல்ல வேண்டும். அடுத்த இடத்தில் சேரும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம்.

எங்கள் லைனில் முக்கால்வாசி பெண்கள்தான். அப்போ இந்த விஷயத்தில் நாங்கள் தேறிவிட்டோம்தானே? (சூப்பர்வைசர், ஒரகடம்)

உங்கள் லைன் லீடர்கள் யார்? முப்பது வயது தாண்டியவர் எத்தனை பேர்? இந்தியாவின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், அது பெரிய விஷயம். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அந்த ஆலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். ஊர்விட்டு வரும் பெண்ணுக்கு அது உண்மையான உதவி, சும்மா போஸ்டர் இல்லை. ஆனால் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு அவள் எங்கே தங்குவாள், ஷிஃப்ட்டில் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதற்கு விடுதியில் பதில் இல்லை.

இப்படி ஆள் எடுத்தால் தகுதி குறையாதா சார்?

சார் இல்லை, மேடம். அமேசான் 2014-ல் விண்ணப்பங்களை மதிப்பிட ஒரு மென்பொருள் செய்யத் தொடங்கியது. பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அது, 'பெண்கள்' என்ற சொல் இருந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. கடைசியில் கைவிட்டார்கள். இதுவரை எடுத்தவர்களைப் போலவே இருப்பதைத்தான் அந்த மென்பொருள் தகுதி என்று புரிந்துகொண்டது.

அமெரிக்காவில் 2025-ல் டிரம்ப் வந்ததும் பல கம்பெனிகள் இதையெல்லாம் மூடிவிட்டனவே. இங்கேயும் போகுமா?

பலகை போகலாம். என் பழைய அறை இப்போது ஸ்டோர் ரூம். ஆனால் மகப்பேறு விடுப்பும், பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டமும், இயக்குநர் குழுவில் பெண் வேண்டும் என்பதும் நம் நாடாளுமன்றம் போட்டவை. அவற்றுக்கும் வாஷிங்டனுக்கும் சம்பந்தமில்லை.

அக்கா, கேம்பஸ் இன்டர்வியூவில் எதைக் கேட்டால் உண்மை தெரியும்? (இறுதியாண்டு மாணவி, மதுரை)

"டைவர்சிட்டி பாலிசி இருக்கா?" என்று கேட்காதே மா, அழகாக அச்சடித்துத் தருவார்கள். பிரசவ விடுப்பு முடிந்து இந்த டீமுக்குக் கடைசியாகத் திரும்பியவர் யார், இப்போதும் இருக்கிறாரா என்று கேள். ஐம்பது பேர் இருந்தாலே குழந்தைக் காப்பகம் கட்டாயம், அதனால் அது எங்கே இருக்கிறது என்றும் கேள். "வெளியே ஒரு காப்பகத்தோடு டை-அப் இருக்கு" என்பார்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கேள்.