கோரஸும் டபுள் கிக்கும் மோதும் இடத்தில் எந்த ஹெட்போன்?

கேள்வி: நைட்விஷ், எபிகா, தெரியன் என்று சிம்போனிக் மெட்டல்தான் (ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் கலந்த மெட்டல்) நான் அதிகம் கேட்பது. மூடிய ஹெட்போன் ஒன்று நாலு வருடமாக ஓடுகிறது. தனியாக வயலின் வந்தால் நன்றாக இருக்கிறது, தனியாக கிடார் வந்தாலும் நன்றாக இருக்கிறது, கோரஸும் கிடாரும் டிரம்மும் சேர்ந்து வரும்போது எல்லாம் கூழாகிவிடுகிறது. கப்பின் பின்பக்கம் திறந்திருக்கும் ஓபன் பேக் வாங்கு, சரியாகும் என்கிறார்கள். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ (மின்தடை 250 ஓம்), ஏகேஜி கே702, ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ, சென்ஹைசர் எச்டி 560எஸ், எச்டி 600, இந்த ஐந்தில் எது? கண்ணாடி போடுபவன். எச்டி 600தான் என் பட்ஜெட்டின் உச்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

பதில்: எச்டி 600. கை கடித்தால் எச்டி 560எஸ். ஆனால் காரணத்தையும் படித்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் எங்காவது ஐந்து நிமிடம் மாட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் உங்களுக்கு டிடி 990தான் பிடிக்கப் போகிறது.

கூழ் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். சாதாரண டியூனிங்கில் கிடாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ், ஏழு தந்தி கிடாரில் 62 ஹெர்ட்ஸ். கேட்டால் ஏதோ கீழே கிடக்கிற ஒலி மாதிரி தெரியும், ஆனால் டிஸ்டார்ஷன் போட்டதும் அதன் மேல்சுரங்கள் 4,000, 5,000 ஹெர்ட்ஸ் வரை ஏறி உட்கார்ந்துகொள்ளும். வயலின்கள் அங்கேதான் இருக்கின்றன, கோரஸ் அங்கேதான், சோப்ரானோ பாடகி 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு உச்ச சுரம் பிடித்தால் அதன் மேல்சுரங்களும் அங்கேதான். டிரம்மர் இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்கும் டபுள் கிக்கின் அந்த 'டிக்டிக்டிக்' சத்தம்கூட அங்கேதான் கேட்கிறது. மூன்று பேர் சீட்டில் ஏழு பேர். இந்த இசைக்கு ஹெட்போன் தேடுபவர்கள் பலரும் பேஸ் எவ்வளவு, ஸ்டேஜ் (ஒலி பரவி நிற்பதுபோல் தோன்றும் இடம்) எவ்வளவு அகலம் என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது நடுப்பகுதி சுத்தமாக இருக்கிறதா என்பதுதான்.

ஓபன் பேக் உதவுவது இந்த இடத்தில்தான். மூடிய கப்புக்குள் பின்பக்கம் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வரும். போதாததற்குப் பல மூடிய ஹெட்போன்களில் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு வேறு இருக்கும், கிடாரின் அடிப்பகுதி வீங்கி மேலே இருக்கும் கோரஸின் மீது வழியும். ஓபன் பேக்கில் பின் ஒலி வெளியே போய்விடுவதால் அந்த அடைசல் குறைகிறது.

குறைகிறது என்றுதான் சொல்கிறேன், போய்விடுகிறது என்று சொல்லவில்லை. உங்கள் கூழில் ஒரு பங்கு ரெக்கார்டிங்கிலேயே இருக்கிறது. மெட்டல் ஆல்பங்களை மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்ட வேலையில் சத்தத்தை ஏற்றி நசுக்கி, மெல்லிய இடத்துக்கும் பெரிய இடத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் செய்துவிடுவது பல வருடப் பழக்கம். நீங்களே சோதிக்கலாம். நைட்விஷ் 2020இல் வெளியிட்ட ஆல்பத்தின் இரண்டாவது டிஸ்க் முழுக்க ஆர்கெஸ்ட்ரா, பேண்ட் சத்தமே கிடையாது. 2011இல் வந்த இமாஜினேரமுக்குப் பாட்டுக் குரல் இல்லாத வடிவமும் கிடைக்கிறது. இரண்டையும் உங்கள் பழைய ஹெட்போனில் கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா மட்டும் தெளிவாக இருந்து, குரல் நீக்கிய பிறகும் அதே பேண்ட் கூழாகவே இருந்தால் பழி முழுக்க ஹெட்போன் மேல் இல்லை. புதிதாக எதை வாங்கினாலும் அந்தப் பங்கு அப்படியே இருக்கும்.

இப்போது ஐந்தையும் பார்த்துவிடலாம்.

டிடி 990 ப்ரோவில் பேஸும் தூக்கல், மேல்பகுதியும் தூக்கல், நடுப்பகுதி பள்ளம். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மையான மேடு இருக்கிறது. முதல் பாட்டில் சிம்பல் எல்லாம் பளபளவென்று தெரியும், ஆஹா என்று இருக்கும். ஆனால் சிம்போனிக் மெட்டலில் சிம்பல் நிற்பதே இல்லையே. ஒரு முழு ஆல்பம் முடிவதற்குள் காதை எடுத்து வெளியே வைக்கத் தோன்றும். கூடவே சுருள் கேபிள் வேறு, கழற்ற முடியாது. பேயர்டைனமிக் 2024இல் கொண்டுவந்த டிடி 990 ப்ரோ எக்ஸில் கேபிள் கழறும், அது 48 ஓம். அந்தக் கவர்ச்சியான ஒலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதைப் பாருங்கள்.

கே702 அகலமான ஒலிக்குப் பேர் போனது, 235 கிராம்தான். வெறும் ஆர்கெஸ்ட்ரா கேட்பவர் என்றால் தயங்காமல் கை காட்டுவேன். கிடார் ரிஃப் வந்ததும் எலும்பு தெரிகிறது, சதை இல்லை. உங்களுக்கு வேண்டாம்.

எச்இ400எஸ்இ பிளேனார் வகை, அதாவது கூம்புக்குப் பதில் தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும். பேஸ் அடிவரை தட்டையாகப் போகும், வேகமான டபுள் கிக்கில் ஒரு அடி அடுத்த அடியோடு ஒட்டாது. ஆனால் 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் பகுதி கொஞ்சம் பின்வாங்கி இருப்பதால் பாடகி இரண்டு வரிசை தள்ளி நின்று பாடுவது போலிருக்கும். சிலருக்கு அதுவே விசாலமாகத் தோன்றும், தப்பில்லை. எடை 390 கிராம். கழுத்து வலி இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். ஐந்திலும் பொதுவாக விலை குறைந்தது இதுதான்.

எச்டி 600இல் குரல், வயலின், கிடார் மூன்றும் மூன்று தனித்தனி ஆட்களாக நிற்கும். கிடார் சுவரின் பின்னால் கோரஸ் என்ன சொல் பாடுகிறது என்று பிடிபடும், நமக்கு லத்தீன் தெரியாது, அது வேறு விஷயம். குறையையும் சொல்லிவிடுகிறேன். அடி பேஸ் நன்றாகவே சரிகிறது, கிக்கின் 'டிக்' கேட்கும், 'தொம்' பாதிதான் வரும். ஸ்டேஜ் சின்னது, ஆர்கெஸ்ட்ரா ஹாலில் இல்லை, உங்கள் நெற்றிக்கு முன்னால் இருக்கும். நெஞ்சில் இடிக்கும் கிக் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் வாங்க வேண்டும், இந்த ஐந்தில் எதுவும் அதைத் தராது. 1997இலிருந்து விற்பனையில் இருக்கும் மாடல் என்பதால் பேட், கேபிள், ஹெட்பேண்ட் குஷன் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறது.

560எஸ் இதைவிட பேஸில் கீழே இறங்கும், இன்னும் லேசு, 240 கிராம். 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் காதைக் குத்தும், நசுக்கிய ரெக்கார்டிங்கில் அது தெரியும். மிச்சமாகும் பணத்தை நினைத்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி விஷயம்: புது எச்டி 600 தலையை இறுக்கும். இரவில் ஒரு புத்தக அடுக்கின் மேல் மாட்டி வையுங்கள், தலை அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக இருக்கட்டும், சில நாளில் தளரும். மெல்லிய காது கம்பி உள்ள பிரேம் என்றால் பிரச்சினை இல்லை, தடித்த பிளாஸ்டிக் கம்பி என்றால் ஒரு மணி நேரத்தில் காதுக்கு மேலே வலிக்கும், எந்த ஹெட்போனாக இருந்தாலும்.

பேஸ் குறைகிறது என்று தோன்றினால் விண்டோஸில் ஒலியைத் திருத்தும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள ஒலியை மொத்தமாக ஏற்றும் அமைப்பு) போட்டு 4 டெசிபல் ஏற்றுங்கள், அதே 4 டெசிபலை ப்ரீஆம்ப் என்ற மொத்த அளவில் இறக்குங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே நிரம்பி வழியும் பாட்டு கிளிப் ஆகி, அதாவது உச்சம் வெட்டுப்பட்டு, கரகரக்கும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: எச்டி 600 300 ஓம். அப்படியென்றால் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லாமல் ஓடாது என்று பயமுறுத்துகிறார்கள். ஹெட்போன் விலைக்கே ஆம்ப்பும் வாங்கச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 300 ஓம் ஹெட்போனுக்கு வேண்டியது வோல்டேஜ். 1 வோல்ட் கிடைத்தால் எச்டி 600 உச்சத்தில் 100 டெசிபலைத் தாண்டிவிடும். மேலே சொன்ன அந்த நசுக்கல் இங்கே மட்டும் உங்களுக்கு உதவுகிறது: மெட்டல் பாட்டின் சராசரி சத்தம் உச்சத்தை ஒட்டியே இருப்பதால் அதே வால்யூமில் அது காதை நிறைக்கும். ஆம்ப்பின் பலம் உண்மையில் தேவைப்படுவது சாஸ்திரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு, அங்கே முக்கால்வாசி நேரம் முணுமுணுத்துவிட்டு திடீரென்று இடி விழும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். அதைத் தாண்டிக் கேட்கத்தான் ஆம்ப் வேண்டுமென்றால் வாங்காமலே இருங்கள்.

முதலில் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். முழு வால்யூமில் போதவில்லை என்றால் ஒரு யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பியில் செருகி ஹெட்போன் ஜாக் தரும் சின்னக் கருவி). ஆப்பிளின் சின்ன டாங்கிளே 1 வோல்ட் தருகிறது (ஐரோப்பாவில் விற்கும் வடிவம் பாதிதான் தரும்). ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் எழும்பாது, லேப்டாப்பில்தான் சரி. எச்இ400எஸ்இ ஓம் குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு வேண்டியது கரண்ட், பலவீனமான ஜாக்கில் சோர்ந்துவிடும்.

கேள்வி: இரண்டு அறை ஃபிளாட். பக்கத்தில் குழந்தை தூங்கும். ஓபன் பேக் சரிப்படுமா?

பதில்: சரிப்படாது. நான் முதன்முதலில் ஓபன் பேக் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அன்று அம்மா கதவைத் தட்டி, உள்ளே யாரோடு சண்டை என்று கேட்டார். பாட்டில் ஒருவர் உறுமிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சத்தம் வெளியே போவது ஒரு பக்கம் என்றால் வெளிச் சத்தம் உள்ளே வருவது இன்னொரு பக்கம். நம் ஊரில் சீலிங் ஃபேன் ஓடாத அறை ஏது? தனியாக பியானோவோ புல்லாங்குழலோ தொடங்கும் மெல்லிய இடங்களில் அந்த 'ஹ்ஹூம்' பாட்டோடு சேர்ந்தே கேட்கும். ஃபேனை நிறுத்தினால் வெல்வெட் பேடுக்குள் காது வேகும். ஏசி இருக்கும் அறையோ, குழந்தை இல்லாத அறையோ கிடைத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் நல்ல மூடிய ஹெட்போனில் பணத்தைப் போடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் மற்றவர்களைவிட ஆறாயிரம் குறைத்துத் தருகிறார், 'செல்லர் வாரண்டி' (கம்பெனி அல்ல, விற்பவரே தரும் உத்தரவாதம்) என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த மாதிரி ஆறாயிரத்துக்காக நான் ஒருமுறை சிக்கிக்கொண்டிருக்கிறேன். எட்டாவது மாதம் இடது பக்கம் சத்தம் நின்றது. கம்பெனியின் இந்தியச் சேவை மையம், இந்த சீரியல் நம்பர் இங்கே விற்றதில்லை என்று திருப்பி அனுப்பியது, விற்றவர் போனை எடுக்கவில்லை. என்னிடம் இருந்த பில்லில் மாடல் பெயர்கூட இல்லை, 'ஆடியோ ஆக்சசரி' என்று எழுதியிருந்தது. அதைத் திறந்து பார்க்காமல் டிராயரில் போட்டது நான்தான்.

அதனால் விலையைப் பார்க்கும் முன் கேளுங்கள்: ஜிஎஸ்டி பில் வருமா, அதில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்குமா, வாரண்டி யாருடையது. பதிலை எழுத்தில் வாங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது. சொன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், பெட்டியில் உள்ள சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி. முதல் நாளே இடம், வலம் இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள், ரிட்டர்ன் நாள் முடிந்த பிறகு இடதுபக்கக் குறையைக் கண்டுபிடித்துப் பயனில்லை.