போலீஸ் காகிதம்: எதை நேரில் கேட்பது, எதற்கு ஆர்.டி.ஐ. போடுவது?

காவல் நிலையம் சம்பந்தமான கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை முழுக்க அவற்றுக்கே பதில்.

எங்கள் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்ட பக்கத்து நிலத்துக்காரர் மீது புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது (புகார் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு) தந்தார்கள், அதோடு சரி. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று ஆர்.டி.ஐ.யில் கேட்டால், "இது தகவல் அல்ல, கேள்வி" என்று பதில் வருகிறது. என்ன செய்வது? – விவசாயி, திண்டிவனம்

உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அந்தப் பதிலைச் சட்டப்படி ஆட்டிப் பார்க்க முடியாது. ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 தருவது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவேட்டை, கடிதத்தை, கோப்பைப் பார்க்கும் உரிமை. "ஏன் செய்யவில்லை" என்பதற்கு யாரும் எந்தக் கோப்பிலும் பதில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் அந்தச் சொல் மனுவில் இருந்தாலே தட்டிக்கழிக்க வழி கிடைத்துவிடும். அதே விஷயத்தைக் காகிதமாகக் கேளுங்கள்.

இப்படி எழுதலாம்: "சி.எஸ்.ஆர். எண் இன்னது, தேதி இன்னது கொண்ட என் மனுவின் மீது இன்றுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் பதிவாகியுள்ள பக்கங்களின் நகல் தருக. மனு எந்தத் தேதியில், எந்த அலுவலரிடம் விசாரணைக்கு ஒப்படைக்கப்பட்டது, அவர் பெயர், பதவி தருக. எதிர்மனுதாரருக்கு அனுப்பிய சம்மனின் நகல் தருக. மனு முடித்துவைக்கப்பட்டிருந்தால் அந்த அறிக்கையின் நகலும், அதனுடன் உள்ள வாக்குமூலங்களின் நகலும் தருக." இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "இரு தரப்பும் சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி மனுவை மூடிவிட்டு, புகார் கொடுத்தவருக்கே சொல்லாமல் விடுவது நடக்கிறது. அந்தத் தாளில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

மனுவைப் பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் என்று முகவரியிட்டு அனுப்புங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் தனியாகக் கேட்பார்கள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு, அது தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஆர்.டி.ஐ. போட்டதால் மட்டும் வழக்குப் பதிவாகிவிடாது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்து மூலம் மனு, அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அங்கே போகும்போது ஆர்.டி.ஐ.யில் வாங்கிய பக்கங்கள் கையில் இருந்தால் உங்கள் வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்பாவை பைக்கில் வந்தவர் மோதி, கால் எலும்பு முறிந்துவிட்டது. இழப்பீட்டு வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஆர்.டி.ஐ. போட்டுத்தான் வாங்க முடியும் என்கிறார் ஒருவர், அதற்குப் பணமும் கேட்கிறார். – கல்லூரி மாணவி, கரூர்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம் என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-வது பிரிவு பாதிக்கப்பட்டவரையும் அதில் சேர்த்திருக்கிறது, அதனால் புகார் யார் கொடுத்திருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு நகல் பெறும் உரிமை உண்டு. இதற்காக 30 நாள் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நிலையத்துக்குப் போகவே தயக்கமாக இருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்து எஃப்.ஐ.ஆரை இறக்கிக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில், இணைய வசதி மோசமான இடத்தில்கூட அதிகபட்சம் 72 மணி நேரத்தில் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. விபத்து வழக்கு ஆவணங்களைக் கட்டணம் கட்டிப் பெறவும் அதே பக்கத்தில் வசதி இருக்கிறது. எஃப்.ஐ.ஆரோடு நிற்காமல் ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தின் வரைபடம்), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள்.

என் கடையில் திருட்டு. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், ஆறு மாதமாகச் சத்தமே இல்லை. ஆர்.டி.ஐ. போட்டால் "புலன் விசாரணையில் உள்ளதால் பிரிவு 8(1)(எச்)-ன்படி தர இயலாது" என்று ஒரே வரி. – வியாபாரி, விருதுநகர்

இந்த ஒற்றை வரியைப் பார்த்துப் பலர் அப்படியே ஓய்ந்துபோகிறார்கள். ஓய வேண்டாம். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது. தகவல் வெளியே போனால் விசாரணைக்கோ, குற்றவாளியைப் பிடிப்பதற்கோ, வழக்கு நடத்துவதற்கோ இடையூறு வர வேண்டும், எப்படி வரும் என்பதையும் அலுவலர் காரணத்தோடு சொல்ல வேண்டும். பகத் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் தெளிவாகச் சொன்னது இதைத்தான். பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டு, இதைக் குறிப்பிடுங்கள். அதற்கும் சரியான பதில் இல்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. காரணமில்லாமல் மறுத்தால் அல்லது தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் கேட்பதையும் கொஞ்சம் பார்த்துக் கேட்க வேண்டும். சாட்சி வாக்குமூலம், வழக்கு நாட்குறிப்பு, துப்புக் கொடுத்தவர் யார் என்ற விவரம் இதையெல்லாம் விசாரணை நடக்கும்போது தர மாட்டார்கள், தராமல் இருப்பதும் சரிதான், ஓர் உயிர் அதில் மாட்டியிருக்கலாம். வழக்கு எண், சட்டப் பிரிவுகள், தற்போதைய விசாரணை அதிகாரி யார், இறுதி அறிக்கை தாக்கலாகிவிட்டதா, ஆகியிருந்தால் எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்று கேளுங்கள். இவற்றைச் சொல்வதால் எந்தத் திருடனும் தப்பிவிடப் போவதில்லை. கோப்பில் ஒரு பகுதியை மறைக்க வேண்டியிருந்தாலும் மிச்சத்தைத் தர வேண்டும் என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது.

கூடவே, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்கு போலீசே தெரிவிக்க வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 193). உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எஸ்.பி.க்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள்.

தம்பியை விசாரணை என்று கூட்டிப்போய் நிலையத்தில் அடித்தார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். அங்கே கேமரா இருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்க முடியுமா? – பெயர் வேண்டாம்

கேட்க முடியும், இன்றைக்கே கேளுங்கள். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, நுழைவாயில் உட்பட, கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத நிலையிலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது. "அழிந்துவிட்டது", "கேமரா ரிப்பேர்" என்ற பதில்களுக்கு இடம் கொடுக்காமல், முதல் வேலையாக எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம்: இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையான பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோருகிறேன். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே தேதி, நேரத்தைப் போட்டு ஆர்.டி.ஐ. மனு, கூடவே அன்றைய பொது நாட்குறிப்பு (நிலையத்தில் அன்றாடம் நடப்பதை எழுதும் பதிவேடு) பக்கத்தின் நகல். மறுத்தால் கேமரா பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள், ரிப்பேர் என்றால் எந்தத் தேதியிலிருந்து என்பது அதில் இருக்க வேண்டும்.

ஆர்.டி.ஐ. ஒன்றையே நம்பி உட்கார வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும், அந்த ஆணையம் கேமரா பதிவை வரவழைக்கலாம். தம்பியின் காயத்துக்கு அரசு மருத்துவமனை சீட்டு இன்னும் வாங்கவில்லை என்றால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அவரை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். (இதே மாதிரி யாரையாவது இப்போது பிடித்து வைத்திருந்தால், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரம்தான் கெடு. மனுவின் தலைப்பிலேயே அதைப் பெரிதாக எழுத வேண்டும்.)

எதற்காகக் கேட்கிறாய் என்று மிரட்டினால்? – வாசகர், தேனி

காரணம் கேட்க ஆர்.டி.ஐ. சட்டம் அனுமதிக்கவில்லை, பிரிவு 6(2). 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியது, பிறகு அந்தப் பிரிவைக் கவனித்துச் சில நாட்களிலேயே அந்தப் பகுதியைத் தானே நீக்கிக்கொண்டது.

பயம் இருந்தால் வீட்டு முகவரிக்குப் பதிலாக தபால் பெட்டி எண் கொடுக்கலாம், அதுவே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. அல்லது நம்பிக்கையான வேறொருவர் பெயரில் போடுங்கள், எந்த இந்தியக் குடிமகனும் கேட்கலாம். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி யாராவது போன் செய்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள். எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டு மேல்முறையீட்டில் அதையும் ஒரு பத்தியாகச் சேருங்கள்.