ஏற்றிவிடுவது மோட்டார், இறக்குவது நீங்கள்

ப்ளாக் ராக் பாலைவனத்தில் நடக்கும் ஹை பவர் ராக்கெட் வார இறுதி பற்றி வாசகர்கள் கேட்டவை

கே: சின்ன மாடல் ராக்கெட் விட்டுப் பழக்கம் உண்டு. இந்த முறை நெவாடாவுக்குப் போகிறேன். எடுத்த எடுப்பிலேயே கே மோட்டார் போட விடுவார்களா?

ப: விட மாட்டார்கள். அமெரிக்காவில் நார் (NAR), டிரிப்போலி ஆகிய இரண்டு ராக்கெட் சங்கங்கள் மூன்று நிலைகளில் சான்று தருகின்றன. மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறார்கள். எழுத்து ஒன்று ஏறினால் மோட்டாரின் கணத்தாக்கு (உந்துவிசை பெருக்கல் எரியும் நேரம்) வரம்பு இரண்டு மடங்காகும். ஹெச் என்றால் 320 நியூட்டன்-விநாடி வரை, கே 2,560 வரை. ஹெச், ஐ முதல் நிலை. ஜே, கே, எல் இரண்டாம் நிலை. அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம், என், ஓ மூன்றாம் நிலை.

மேலே போனால் மட்டும் சான்று கிடைத்துவிடாது. பாராசூட்டில் இறங்கி, இன்னொரு மோட்டார் போட்டு மறுபடியும் விடலாம் என்ற நிலையில் ராக்கெட் திரும்பி வர வேண்டும். தேர்வுக்குப் படித்துவிட்டுப் போனால், சனிக்கிழமை முதல் நிலை, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் நிலை என்று முடித்துவிட வழியுண்டு. ஆனால் சான்றுக்கான ராக்கெட்டில் உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில் போய்த் திரும்பினாலும் அதே சான்றுதான்.

கே: ஜே 350 என்று போட்டிருந்தால் அது எவ்வளவு எடையைத் தூக்கும்?

ப: 350 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். ராக்கெட்டின் எடை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி. காற்று வீசும் திறந்தவெளியில் அது போதாது, ஐந்தில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 70 நியூட்டன், மோட்டாரையும் சேர்த்து ஏழு கிலோ. அதற்கு மேல் போனால் ஏவு ரயிலை (ராக்கெட்டை நிமிர்த்தி ஏவும் தண்டை) விட்டு வெளியேறும்போது வேகம் போதாது. துடுப்புகளுக்குப் பிடி கிடைக்காமல் ராக்கெட் காற்றை நோக்கிச் சாயும்.

கே: மோட்டாரை விமானத்தில் கொண்டுபோகலாமா?

ப: கூடவே கூடாது. மோட்டார், அதைப் பற்றவைக்கும் இக்னைட்டர், பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்து மூன்றுமே கைப்பையிலும் வேண்டாம், பெட்டியிலும் வேண்டாம். களத்துக்கு வரும் விற்பனையாளரிடம் முன்பே சொல்லிவைத்து அங்கேயே வாங்குங்கள். உதிரி லித்தியம் பேட்டரிகள் மட்டும் கைப்பையில் போகட்டும்.

கே: ராக்கெட் 3,000 மீட்டர் வரை நேராகத்தான் போனது. ஆனால் களத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய் விழுந்தது. இரண்டு பாராசூட் வைத்திருந்தும் ஏன்?

ப: பெரிய பாராசூட் உச்சியிலேயே விரிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரோக் என்கிற சின்னப் பாராசூட்டில் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறங்கி, 200 மீட்டரில் பெரியது விரிந்தால் மொத்தம் ஏறக்குறைய 145 விநாடி. காற்று விநாடிக்கு 7 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர்தான் தள்ளும். பெரியது உச்சியிலேயே விரிந்தால் விநாடிக்கு 6 மீட்டரில் இறங்கும், 500 விநாடி ஆகும். மூன்றரை கிலோமீட்டர். உங்கள் கணக்கு ஒத்துப்போகிறது.

காரணம் மூக்குக்கூம்பு. டிரோக்குக்கான கருமருந்து வெடித்ததும் ராக்கெட்டின் இரண்டு பாதிகளும் எதிரெதிராகப் பாய்கின்றன. கயிறு இழுத்து வெடுக்கென்று நிறுத்தும்போது கனமான கூம்பு மட்டும் நிற்காமல் முன்னே போகிறது, பெரிய பாராசூட்டையும் இழுத்துக்கொண்டு. வெறும் இறுக்கத்தை நம்பியிருந்தால் இதுதான் நடக்கும். கூம்பின் தோளில் 2-56 அளவு நைலான் திருகு மூன்றைப் போடுங்கள். ஷியர் பின் என்பது இதுதான்: கூம்பைப் பிடித்துவைத்து, பெரிய பாராசூட்டுக்கான மருந்து வெடிக்கும்போது மட்டும் முறியும். இணைக்கும் கயிறு ராக்கெட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருந்தால் வெடுக்கும் குறையும்.

பின் போட்டால் மருந்தும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பாராசூட் இருக்கும் குழாயின் விட்டத்தின் வர்க்கம் பெருக்கல் நீளம் பெருக்கல் 0.006, அளவுகள் அங்குலத்தில், விடை கிராமில். நாலு அங்குல விட்டம், 18 அங்குல நீளம் என்றால் 1.7 கிராம். இது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தரும். கூம்பின் மேல் 188 பவுண்டு விசை. மூன்று பின்னும் சேர்ந்து நூறு பவுண்டு வாக்கில்தான் தாங்கும் என்பதால் முறிந்துவிடும். காற்றழுத்தத்தால் உயரத்தை அளந்து மருந்தை வெடிக்கவைக்கும் கருவிதான் ஆல்டிமீட்டர். பாதுகாப்புக்கு வைக்கும் இரண்டாவது ஆல்டிமீட்டரின் மாற்று மருந்து கால் பங்கு கூடுதலாக இருக்கட்டும். முதலாவது போதாமல் போனால்தானே அதற்கு வேலை?

கணக்கோடு நிறுத்தாதீர்கள். கிளம்புவதற்கு முன் தரையில் சோதிக்க வேண்டும். மோட்டார் இல்லாமல் ராக்கெட்டைப் படுக்கவைத்து, பாராசூட்டெல்லாம் மடித்து வைத்து, பத்து மீட்டர் கம்பி இழுத்துப் பக்கவாட்டில் நின்று வெடியுங்கள். கூம்புக்கு எதிரேயும் வாலுக்குப் பின்னேயும் யாரும் நிற்கக் கூடாது. கூம்பு நழுவி விழுந்தால் தேறாது. பாய்ந்து போய்க் கயிற்றை நீட்டிவிட வேண்டும். தேறவில்லையென்றால் 0.2 கிராம் கூட்டி மறுபடி.

ஆல்டிமீட்டர் அறையின் காற்றுத் துளையையும் பாருங்கள். நூறு கன அங்குலத்துக்குக் கால் அங்குலத் துளை ஒன்று என்பது வழக்கம். நாலு அங்குல விட்டம், எட்டு அங்குல நீள அறைக்கு அது சரியாக வரும். ஒரே துளையாகப் போடாமல், சுற்றிலும் சம இடைவெளியில் நான்கு அரைக்கால் அங்குலத் துளைகளாகப் போட்டால் பரப்பு அதேதான், பக்கக் காற்றால் அளவு தடுமாறாது.

கே: பொத்தானை அழுத்தினார்கள், ராக்கெட் அசையவே இல்லை.

ப: முதலில் கிட்டே போகாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்து 60 விநாடி காத்திருந்து, ஏவுதல் அதிகாரி அனுமதி தந்த பிறகே போக வேண்டும்.

இக்னைட்டர் எரிந்தும் மோட்டார் பற்றவில்லை என்றால், அது உள்ளே மேல்முனை வரை போயிருக்காது. எரிபொருளின் நடுத்துளையில் மேலே பற்றினால் சூடான வாயு கீழே இறங்கி முழு எரிபொருளையும் பற்றவைக்கும். கீழே பற்றினால் வாயு நாசில் (மோட்டாரின் கீழ்வாய்) வழியாகப் புகையாகப் போய்விடும். மோட்டாரின் பக்கத்தில் வைத்து இக்னைட்டரை அளந்து, நாசில் வரும் இடத்தில் கம்பியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். நுழைத்த பின் அந்த டேப் நாசில் வாயில் நிற்க வேண்டும்.

இக்னைட்டரே எரியவில்லை என்றால், அதை மின்கம்பியோடு இணைக்கும் கிளிப்பைப் பாருங்கள். முந்தைய ராக்கெட்டுகளின் கரி படிந்து பல் கறுத்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு கிளிப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். இணைக்கும் முன் இரண்டையும் உரசுங்கள். பொறி வந்தால் லைனில் மின்சாரம் இருக்கிறது, வேலையை நிறுத்திவிட்டு அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

வரிசையும் மாறக் கூடாது. ரயிலில் ஏற்று, நிமிர்த்து, ஆல்டிமீட்டரை இயக்கு, பீப் ஒலியை எண்ணு. இக்னைட்டர் கடைசியில்தான்.

கே: அந்த உப்பு மண்ணைப் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

ப: காரத் தூசி அது. தோலை வெடிக்கவைக்கும், தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து கைகால் கழுவினால் அடங்கும். மோட்டாரின் பாகங்களை வண்டிக்குள் கதவை மூடிக்கொண்டு பொருத்துங்கள். கிரீஸ் தடவிய ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில்) ஒரு மணல் துகள் ஒட்டினாலும் அந்த வழியே தீ கசிந்து உறையைத் துளைத்துவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும். பெட்ரோலைக் கடைசி ஊரான ஜெர்லாக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் வண்டியை எடுக்காதீர்கள், சேறு டயரில் அப்பிக்கொண்டு விடவே விடாது. காயும் வரை அங்கேயே இருங்கள்.

கே: குழந்தைகளோடு பார்க்க மட்டும் வரலாமா?

ப: வரலாம். கே மோட்டாருக்கு 200 அடி, எம் மோட்டாருக்கு 500 அடி என்று விலகல் தூரம் உண்டு. அதற்குள் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "ஹெட்ஸ் அப்" என்று ஒலிபெருக்கியில் கேட்டால் எழுந்து நின்று வானத்தைப் பாருங்கள். ராக்கெட்டைக் கண்ணால் பிடித்த பிறகுதான் நகர வேண்டும். இறங்குவதைக் கையால் பிடிக்கப் போவது வேண்டவே வேண்டாம்.

கே: விழுந்த ராக்கெட்டை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ப: பிரியாத பகுதி இருந்தால் உள்ளே வெடிக்காத மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைக் குழாயின் நேர்கோட்டில் வைக்காமல் பக்கவாட்டில் அணுகி, முதலில் ஆல்டிமீட்டர் சுவிட்சை அணையுங்கள். அதன் பிறகு படம் எடுத்துக்கொள்ளலாம்.