மண்ணடி ஆபீஸில் ஆறு லினக்ஸ் மெஷின்கள், மெயில் கணக்குகள் வெளி ஹோஸ்டிங்கில். எல்லா மெஷினிலிருந்தும் மெயில் போக, மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை எப்படி அமைப்பது?

ஆறு மெஷினிலும் பாஸ்வேர்டு போட்டு வைக்காதீர்கள். வெளியே பேச ஒன்று போதும். மற்ற ஐந்தும் மெயிலை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். க்ரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) அறிக்கையோ ஸ்கேன் செய்த ஷிப்பிங் பில்லோ, எது போகாவிட்டாலும் தேட வேண்டியது ஒரே லாக்.

அந்த மெஷினுக்கு நிலையான ஐபி கொடுங்கள், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். அதன் மெயின்.சிஎஃப்-இல் (போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பு) மைநெட்வொர்க்ஸ், அதாவது எந்த ஐபிகளின் மெயிலை வெளியே அனுப்பலாம் என்ற பட்டியல், 127.0.0.0/8, 192.168.1.0/24 என்று இருக்கட்டும். ரிலேஹோஸ்ட்டில் (மெயிலை ஒப்படைக்க வேண்டிய அடுத்த சர்வர்) ஹோஸ்டிங்காரர் தந்த சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, பின்னால் :587 சேருங்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் (ஒரு டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வர் எது என்ற பதிவு) தேடி வேறெங்காவது போய் நிற்கும். டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) நிலை 'என்க்ரிப்ட்' ஆக இருக்க வேண்டும். நேராக 25-ஆம் போர்ட்டில் அனுப்பப் பார்க்காதீர்கள். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் அது அடைபட்டிருக்கும். திறந்திருந்தாலும் டைனமிக் ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய சேவைகள் ஏற்பதில்லை.

ஹோஸ்டிங் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதும் கோப்பில்தான் பலருக்குச் சறுக்கும். அங்கே சர்வர் பெயர் ரிலேஹோஸ்ட்டில் உள்ளபடியே அடைப்புக்குறி, போர்ட் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் பாஸ்வேர்டைக் கொடுக்கவே முயலாது. லாகில் 530 என்று மறுப்புதான் வரும். 'நோ மெக்கானிசம் அவெய்லபிள்' என்று வந்தால், டெபியன், உபுண்டுவில் பெரும்பாலும் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இல்லை என்று பொருள். கோப்பை மாற்றும்போதெல்லாம் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள் (போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு அது மாற்றும்), கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).

மற்ற ஐந்திலும் ரிலேஹோஸ்ட் 192.168.1.10, அதுவும் அடைப்புக்குறிக்குள். மைடெஸ்டினேஷன் (இந்த மெஷினிலேயே டெலிவரி செய்ய வேண்டிய டொமைன்கள்) காலி, ஐநெட் இன்டர்ஃபேசஸ் (எங்கிருந்து மெயில் ஏற்கலாம்) 'லூப்பேக்-ஒன்லி', அதாவது தன்னிடமிருந்து மட்டும், மைஆரிஜின் (அனுப்புநர் முகவரியில் சேரும் டொமைன்) உங்கள் டொமைன். இன்டர்ஃபேசஸை மாற்றிவிட்டு ரீலோட் செய்தால் பலிக்காது. நிறுத்தித் தொடங்க வேண்டும்.

இந்த ஐந்திலும் ஏலியாசஸ் கோப்பில் (ஒரு பெயருக்கு வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்புவது) ரூட்டுக்கு, அதாவது மெஷினின் நிர்வாகக் கணக்குக்கு, என்ன எழுதினாலும் பயனில்லை, அங்கே லோக்கல் டெலிவரியே கிடையாது. ரூட் முகவரியை நிர்வாகியின் முகவரிக்குத் திருப்பும் வரியை 192.168.1.10 மெஷினின் விர்ச்சுவல் ஏலியாஸ் மேப்பில் போடுங்கள். அதே மெஷினின் மைடெஸ்டினேஷனில் ஆபீஸ் டொமைனைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பக்கத்து மேஜைக்காரருக்கு அனுப்பும் மெயில்கூட 'யூசர் அன்நோன்' என்று திரும்பும், அவர் பெட்டி ஹோஸ்டிங்கில் அல்லவா இருக்கிறது.

ரூட் பெயரில் அனுப்புவதை ஹோஸ்டிங் மறுத்தால், எஸ்எம்டிபி ஜெனரிக் மேப்ஸில் (வெளியே போகும் மெயிலின் முகவரிகளை மாற்றும் பட்டியல்) அந்த ஒரு முகவரியை மட்டும் உண்மையான கணக்குக்கு மாற்றுங்கள். டொமைன் முழுவதற்கும் எழுதினால் பெறுநர் முகவரிகளும் சேர்ந்து மாறிவிடும்.

மழையில் கேபிள் அறுந்து நெட் போனாலும் பயமில்லை. மெயில் டிஸ்க்கில் வரிசையில் காத்திருக்கும், மின்சாரம் போய் வந்தாலும் அழியாது. ஆனால் இயல்பான கெடு 5 நாள்தான், மெஷின் அணைந்திருக்கும் நேரமும் அதில் சேரும். பொங்கலுக்கு ஆபீஸை மொத்தமாகப் பூட்டிவிட்டுப் போவீர்கள் என்றால் மாக்சிமல் கியூ லைஃப்டைமை 10 நாளாக்குங்கள். டிலே வார்னிங் டைம் 4 மணி நேரம் என்று வைத்தால் மெயில் தாமதமாவதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும், ஆனால் நெட் இல்லாதபோது அந்தத் தகவலும் வரிசையில்தான் காத்திருக்கும். நெட் வந்ததும் மெயில்கியூ கட்டளையில் பார்த்து, போஸ்ட்கியூ -எஃப் கொடுத்தால் வரிசை உடனே நகரும்.