மனு பார்ப்பது வேறு, மன்னிப்பது வேறு

கேள்வி: என் தங்கை ஊரில் ஏலச்சீட்டு நடத்தினாள். பணத்தைத் திருப்பித் தர முடியாமல் வழக்காகி, ஐந்து வருடத் தண்டனையோடு இப்போது வேலூர் பெண்கள் தனிச்சிறையில் இருக்கிறாள். என் ஏழு பவுன் நகையும் அதில் போனது. அவள் கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. ஒன்பது வயதுப் பையனும் நான்கு வயதுப் பெண்ணும் என்னிடம்தான். பையனிடம் 'அம்மா பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். சின்னவள் ராத்திரியில் அழுகிறாள். 'பிள்ளைகளை இங்கே கூட்டிட்டு வராதே' என்கிறாள் தங்கை. சின்னவளை அம்மாவோடு உள்ளேயே விடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எனக்குத் தங்கை முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?
*– பெயர் வேண்டாம், திருவண்ணாமலை மாவட்டம்*

பதில்: ஏழு பவுனை இழந்தவருக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கோபத்தை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் சிறைக்குப் போய் மனு போட்டுப் பார்ப்பதையும் மன்னிப்பதையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். தங்கையை மன்னிப்பதற்கு உங்கள் ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது, மன்னிக்காமலே இருந்துவிடவும் உரிமை இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு அம்மாவின் முகம் மறக்க அவ்வளவு காலம் வேண்டாம். நீங்கள் போவது பிள்ளைகளுக்காக. நகையைப் பற்றி அங்கே பேச வேண்டும் என்று தோன்றினால், முதல் தடவை தனியாகப் போய்ப் பேசிவிடுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சு வேண்டாம்.

உங்களைப் போன்ற ஒரு அக்காவோ தங்கையோ உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலேயே இருக்கிறார். டெல்லி திகார் சிறையில் தடுப்புக் காவலில், அதாவது தண்டனை இல்லாமல் முன்னெச்சரிக்கையாக அடைத்து வைக்கப்பட்டிருந்த பிரான்சிஸ் கொராலி முல்லின் என்ற பெண்ணின் வழக்கு அது. சுமார் ஐந்து வயது மகளும், அந்த மகளை வளர்த்துவந்த சகோதரியும் மாதத்துக்கு ஒரு முறைதான் அவரைப் பார்க்கலாம் என்று விதி வைத்திருந்தார்கள். 1981-ல் நீதிபதி பகவதி அந்த விதியைச் செல்லாது என்றார். குடும்பத்தைப் பார்ப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றும், தடுப்புக் காவலில் இருப்பவருக்கு வாரம் இரண்டு நேர்காணலாவது வேண்டும் என்றும் சொன்னார். தண்டனைக் கைதிக்கு எத்தனை முறை என்பது வேறு கணக்கு. முதல் தடவை போகும்போதே எந்த நாள், எத்தனை மணிக்குள், எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், வாசலில் நிற்கும்போது யாரிடமோ தயவு கேட்டு நிற்பதாக நினைக்க வேண்டாம்.

இனி நடைமுறை. போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய், அங்கிருந்து தொரப்பாடி. ஆதார் அட்டையும் அதன் நகலும் கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனை உள்ளே விட மாட்டார்கள். குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போகிற ஆசை வேண்டாம், திருப்பிக் கொண்டுவருவீர்கள். அவள் பெயரில் பணம் கட்டினால் உள்ளே கேண்டீனில் வாங்கிக்கொள்வாள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறதே என்றால், 'இ-முலாக்காத்' என்ற அரசு இணையதளத்தில் பதிந்து வீடியோவிலும் பார்க்கலாம். நேரில் போவதற்கும் அதிலேயே பதிந்துகொள்ளலாம். இ-சேவை மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

சின்னவளை உள்ளே விடுவது பற்றி: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆறு வயது வரை குழந்தை அம்மாவோடு சிறையில் இருக்கலாம். 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விரிவான நெறிமுறைகள் தந்தது. குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது, தனி உணவு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் வேண்டும், கைதிக்குப் பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிறையின் பெயர் வரக் கூடாது என்பது வரை அதில் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு, வெளியே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குழந்தைக்காக வந்தது. உங்கள் வீட்டில் அவளுக்கு அண்ணன் இருக்கிறான், பெரியம்மா இருக்கிறீர்கள். இரண்டு வருடம் உள்ளே வளர்ந்து, ஆறு வயதில் அம்மாவிடமிருந்து மறுபடி பிரித்து வெளியே கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். என் கருத்து, வேண்டாம். பேச்சு முடிவாக வேண்டியது உங்களுக்கும் தங்கைக்கும் இடையில், பக்கத்து வீட்டில் இல்லை.

பையன் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பெங்களூர் கதை அதிக நாள் ஓடாது. சீட்டுப் பணம் போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் இவனோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பார்கள். எவனாவது ஒருவன் சண்டையில் சொல்லப்போகிறான், அல்லது ஏற்கெனவே சொல்லிவிட்டான், இவன் உங்களிடம் மறைக்கிறான். நீங்களே சொல்லிவிடுங்கள். "அம்மா மற்றவர்கள் பணத்தை வாங்கித் திருப்பித் தரவில்லை. அது தப்பு. அதனால் கோர்ட் ஜெயிலில் வைத்திருக்கிறது. உன்மேல் தப்பு எதுவும் இல்லை. அம்மாவைப் பார்க்கலாம்." இவ்வளவு போதும். கேள்வி கேட்டால் கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள்.

தங்கை 'வராதே' என்பது வெட்கத்தில். பிள்ளைகள் தன்னைக் கம்பிக்கோ கண்ணாடிக்கோ அந்தப் பக்கம் பார்த்துவிடுவார்களே என்ற பயம். அவளை மீறி ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். சிறையிலிருந்து அவள் போன் செய்யும்போது பையனிடம் கொடுங்கள். அடுத்தது வீடியோ. அப்புறம் நேரில். போவதற்கு முன் அங்குள்ள நல அலுவலரிடம், குழந்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார இடம் தருவார்களா என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

என்ன பேசுவது என்று திணறல் வரும். உள்ளே என்ன வேலை செய்கிறாள், என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். தண்டனைக் கைதிக்கு வேலை உண்டு, கூலி உண்டு, ஒழுங்காக நடந்துகொண்டால் தண்டனை நாளில் கழிவும் உண்டு. தையல் கற்கலாம், விட்ட படிப்பைத் தொடரலாம். புழலில் 2023 முதல் ஒரு பெட்ரோல் பங்க்கையே பெண் கைதிகள் நடத்துகிறார்கள். உங்கள் தங்கைக்குக் கணக்கு வரும், சீட்டு நடத்தியவள் அல்லவா! குத்தலாகச் சொல்லவில்லை, அந்தத் திறமை வீணாகப் போக வேண்டாம் என்றுதான்.

வெளியே வர வழியும் உண்டு. நாம் பரோல் என்று பொதுவாகச் சொல்வதை, 1982-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு விதிகள் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என்று பிரிக்கின்றன. முதலாவதற்குச் சில வருடம் சிறையில் கழிந்திருக்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் இரண்டாவது. இதே வேலூர் சிறையிலிருந்து 2019-ல், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினி, மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக உயர் நீதிமன்றத்தில் தானே வாதாடி ஒரு மாத விடுப்பு வாங்கினார்.

கடைசியாக ஒன்று, இதுதான் அவசரம். மேல்முறையீடு பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எந்த கோர்ட்டின் தீர்ப்பு என்பதைப் பொறுத்து 30 நாளோ 60 நாளோதான் கெடு. தாண்டியிருந்தாலும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மனுப் போடலாம். மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கேட்கவும் வழி உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார வேண்டாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்ட உதவி எண்ணான 15100-க்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் தீர்ப்பு நகலோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கோர்ட் வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள்.